அத்திப்பழமும் அளவறிந்த இனிப்பும்

ஆவணி பிறந்தது முதல் புரட்டாதி முடியும்வரை இங்கிலாந்தின் பழக்கடைகளில் அத்திப்பழத்துக்குக் குறைவில்லை. துருக்கியிலிருந்து வரும் கருநீலப் பழங்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கும். தெற்கு நோக்கிய மதிலோரத்தில் அத்தி மரம் வைத்திருக்கும் அயலவர்கள் சிலர் ஒரு கூடை நிறையப் பழம் கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. ஆனால் பழுத்த அத்திப்பழம் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நில்லாது. மிஞ்சிய பழத்தை என்ன செய்வது என்ற கேள்வி அப்போது பல தமிழ் வீடுகளில் எழுகிறது. இந்நாட்டு வீடுகளிலும் பிரான்சின் தென்பகுதி வீடுகளிலும் அதற்கு ஒரு விடை உண்டு. அவர்கள் டார்ட் சுடுகிறார்கள். மெல்லிய மாத்தட்டின் மேல் பழத்தை அடுக்கி, மேல்மூடி இல்லாமல் சுடும் பலகாரமே டார்ட் எனப்படுவது.

ஒரு பலகாரத்தைப் பற்றிச் சங்கத்தின் மடலில் கருத்துரைக்க என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். நீரிழிவு என்றும் சலரோகம் என்றும் அழைக்கப்படும் நோய் எத்தனை தமிழ் வீடுகளில் குடிகொண்டுள்ளது என்பதை அறிந்தவர்கள் அப்படி வினவமாட்டார்கள். இங்கு வாழும் தெற்காசிய இனத்தவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏனையோரிலும் பார்க்க 2 முதல் 4 மடங்கு அதிகமாக ஏற்படுகிறது. அதுவும் இளவயதிலேயே ஏற்படுகிறது. பொதுவாக உடற்திணிவுச் சுட்டி 25ஐத் தாண்டினால் உடல் எடை அதிகம் எனக் கணிக்கப்படும். தெற்காசியருக்கோ 23 என்ற அளவிலேயே கவனம் வேண்டும் என, இங்கிலாந்தில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2013இல் அறிவுறுத்தியது.

இந்த அச்சம் நியாயமானது. ஆயினும் அச்சத்தினால் வீடுகளில் உண்டாகியிருக்கும் வழக்கம் நல்லதாக இல்லை. ஒரே வீட்டில் இரண்டு சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. பேரப்பிள்ளைகளுக்குக் கடைப் பலகாரம் பெட்டி பெட்டியாக வருகிறது. தாத்தாவுக்கோ அம்மம்மாவுக்கோ அந்தப் பெட்டியைத் திறக்கவும் அனுமதி இல்லை. எல்லோரும் உண்ணும்போது வெறுங்கையுடன் இருந்து பார்த்தவர், எல்லோரும் உறங்கியபின் குளிர்சாதனப் பெட்டியை மெல்லத் திறக்கிறார். மறுமாதம் வைத்தியரிடம் சென்று, "இனிப்புப் பக்கமே போவதில்லை" என்று சொல்கிறார். இரண்டு மூன்று மாதச் சீனிக் கணக்கைக் காட்டும் இரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்கிறது. மருந்தின் அளவு கூட்டப்படுகிறது. வீட்டில் மேலும் கடுமையான காவல் போடப்படுகிறது. இந்தச் சுற்றில் நோய் குறைவதில்லை. முதியவரின் மனம் நோவதுதான் மிச்சம்.

இனிப்பை ஒளித்து வைப்பதாலும் பயனில்லை. அள்ளி வழங்குவதாலும் பயனில்லை. இனிப்பைக் கையால் செய்து, அதில் என்ன எவ்வளவு சேர்கிறது என்பதைக் கண்ணால் கண்டு, குடும்பமாக இருந்து ஆளுக்கொரு துண்டு உண்ணும் பழக்கமே வேண்டியது. அப்பழக்கத்தைத் தொடங்குவதற்கு எளிய அத்திப்பழ டார்ட் மிகவும் பொருத்தமானது. அத்திப்பழம் தன்னிலேயே இனிமை மிகுந்தது. ஆகவே வெளியிலிருந்து சேர்க்கவேண்டிய சீனி மிகச் சிறிது.

கடைப் பலகாரமும் வீட்டுப் பலகாரமும்

கடையில் விற்கும் அத்திப்பழ டார்ட்டை வாங்குபவர் பழத்தை மட்டுமே காண்கிறார். பழத்தின் கீழே இருப்பது பெரும்பாலும் பாதாம் கலவை. இந்தப் பிரெஞ்சுக் கலவையின் வழமையான அளவு பட்டர், சீனி, பாதாம் மா மூன்றும் சம எடை. ஒவ்வொன்றும் 100 கிராம் எனில் முட்டை இரண்டு. மேலே பளபளப்புக்காக ஜாம் அல்லது பளிங்குக் கூழ் பூசுகிறார்கள். அக்கூழில் சிலவேளை விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் கலந்திருக்கும். மாத்தட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது இந்நாட்டின் பழைய வழக்கம். இன்றும் அது முற்றாக மறைந்துவிடவில்லை. பொதி செய்து விற்கும் உணவில் பொருட்பட்டியல் அச்சிடப்பட்டிருக்கும். வெதுப்பகத்தில் திறந்த தட்டில் வைத்து விற்கும் பலகாரத்துக்கு முழுப் பட்டியல் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வாமை உண்டாக்கும் 14 பொருட்களைப் பற்றி மட்டுமே அறிவிக்கவேண்டும். பன்றிக் கொழுப்பு அந்தப் பதினான்கில் இல்லை. சைவ உணவு உண்பவர்கள் வாய்திறந்து கேட்டே அறியவேண்டியிருக்கிறது.

வீட்டில் சுடும்போது இக்கேள்விகள் எவையும் எழுவதில்லை. முட்டையும் தேவையில்லை.

செய்முறை

எட்டுப் பேருக்கு வேண்டியவை: கோதுமை மா 200 கிராம், குளிர்ந்த பட்டர் 100 கிராம், சீனி 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, மிகக் குளிர்ந்த நீர் மூன்று நான்கு மேசைக்கரண்டி, பாதாம் மா 30 கிராம், அத்திப்பழம் 500 கிராம், பாதி எலுமிச்சம்பழத்தின் சாறு. அத்திப்பழம் நடுத்தர அளவாயின் பத்து அல்லது பன்னிரண்டு வரும்.

பழத்தைத் தெரிவதில் கவனம் வேண்டும். மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் போல, பறித்த அத்திக்காயை வைத்துப் பழுக்கச் செய்ய முடியாது. ஆகவே கையில் எடுக்கும்போதே மெதுவாக அமுங்கவேண்டும். காம்பு சற்றுத் தளர்ந்திருக்கவேண்டும். தோலில் மெல்லிய வெடிப்பு இருந்தால் அது குறையல்ல. நன்றாகப் பழுத்ததன் அடையாளம். புளித்த மணம் வீசுமாயின் விட்டுவிடவேண்டும்.

மாவில் உப்பையும் பாதிச் சீனியையும் கலந்து, பட்டரைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போட்டு விரல் நுனிகளால் உதிர்க்கவேண்டும். பிட்டுக்கு மாக் குழைத்துப் பழகிய கைகளுக்கு இந்தப் பக்குவத்தை விளக்கத் தேவையில்லை. பிட்டு மாப்போல உதிர் உதிராக வரும்போது, அங்கங்கே பயறளவு பட்டர் துண்டுகள் எஞ்சியிருந்தால் நல்லது. பின்பு நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து ஒன்றுசேர்க்கவேண்டும். இங்கேதான் ரொட்டி சுட்டுப் பழகியவர்கள் தவறுவது. மாவை அடித்துப் பிசையக்கூடாது. பிசையப் பிசையக் கோதுமையின் புரதம் நீண்ட இழைகளாகப் பின்னிக்கொள்ளும். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், டார்ட்டுக்கு வேண்டியதில்லை. கொழுப்பு மாவைச் சூழ்ந்து அந்த இழைகளைக் குறுக்கிவிடுவதாலேயே மாத்தட்டு மொறுமொறுப்பாக உதிர்கிறது. மா ஒன்றுசேர்ந்ததும் உருண்டையாக்கித் தட்டி, மூடி, அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். அவ்வேளையில் பட்டர் இறுகும்; புரத இழைகள் தளரும்; மா உருட்டும்போது சுருங்காது.

ஓவனை 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்க வேண்டும். விசிறி உள்ள ஓவனாயின் 180 பாகை போதும். சுடும் தட்டு ஒன்றை உள்ளே வைத்து அதனையும் சூடாக்கவேண்டும். மாவை வட்டமாக உருட்டி 23 சென்ரிமீற்றர் அகலமான அச்சில் விரிக்கலாம். அச்சு இல்லாதவர்கள் வெதுப்பும் கடதாசியில் விரித்து, பழத்தை நடுவில் அடுக்கி, ஓரத்தை உள்நோக்கி மடித்துவிடலாம். மாத்தட்டின் மேல் பாதாம் மாவைத் தூவவேண்டும். பழத்தின் சாற்றை அது உறிஞ்சுவதால் அடிப்பகுதி நைந்து போகாது. பாதாம் ஒவ்வாதவர்கள் அதே அளவு ரவை தூவலாம். அத்திப்பழத்தைத் தோலுடன் நான்காகப் பிளந்து, வெட்டிய பக்கம் மேலே தெரிய நெருக்கமாக அடுக்கி, எலுமிச்சம் சாற்றையும் எஞ்சிய சீனியையும் தெளித்து, சூடான தட்டின்மேல் வைத்து ஏறக்குறைய 40 நிமிடம் சுடவேண்டும். ஓரம் பொன்னிறமாகி, பழத்தின் சாறு பாகுபோலக் கொதிக்கும்போது எடுக்கலாம். அரை மணி நேரம் ஆறவிட்டு வெட்டவேண்டும். சூட்டுடன் வெட்டினால் சாறு ஓடிவிடும்.

நெய்யில் செய்ய விரும்புவோர் 80 கிராம் நெய் எடுத்தாற் போதும். பட்டரில் ஐந்தில் நான்கு பங்கே கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். கோதுமை மாவில் பாதிக்கு ஆட்டா மா சேர்த்தால் நார்ச்சத்துக் கூடும். நீர் ஒரு கரண்டி அதிகம் பிடிக்கும்.

கணக்குப் பார்த்தல்

இப்போது முக்கியமான பகுதிக்கு வரலாம். இந்த டார்ட் முழுவதற்கும் ஏறக்குறைய 2,100 கலோரி. எட்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு 265 கலோரியளவு வரும். மாச்சத்து 35 கிராம். பட்டர் 12 கிராமுக்குச் சற்று அதிகம். வெளியிலிருந்து சேர்த்த சீனி நான்கு கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டி. பெரியவர் ஒருவர் நாள் ஒன்றுக்குக் கொள்ளும் சேர்மானச் சீனி 30 கிராமைத் தாண்டக்கூடாது என்று பிரித்தானிய அரசின் ஊட்டச்சத்து ஆலோசனைக் குழு 2015இல் கூறியது. முழு டார்ட்டுக்கும் சேர்க்கும் சீனியே அந்த 30 கிராம்தான்.

இந்தக் கணக்கைக் கேட்டு, அப்படியாயின் இரண்டு துண்டு உண்ணலாம் என்று மகிழ்பவர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். சீனி குறைவு என்பதால் மாச்சத்துக் குறைவு என்று பொருளல்ல. 35 கிராம் மாச்சத்து ஏறக்குறைய 125 கிராம் சோற்றுக்குச் சமம். ஆகவே சலரோகம் உள்ளவர் ஒரு துண்டு உண்ணும் நாளில் அதே வேளையில் அவ்வளவு சோற்றைக் குறைக்கவேண்டும். வயிறார உண்டபின் மேலதிகமாக உண்பதற்கு இது இல்லை. இன்சுலின் ஏற்றுபவர்கள் மாச்சத்தைக் கணக்கிட்டு மருந்தெடுப்பவர்களாயின் இந்த எண்ணையும் கணக்கில் சேர்க்கலாம். கடைப் பலகாரத்தைப் பார்த்து இத்தகைய கணக்கைச் சுலபமாகப் போட முடியுமா? பட்டரைத் தன் கையால் நிறுத்தவர், அடுத்த முறை கடைத் தட்டைக் காணும்போது அதனுள் இருப்பதை ஓரளவு ஊகித்துவிடுவார். வைத்தியர் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தைக் காட்டிலும் சமையலறைத் தராசு நன்றாகக் கற்பிக்கிறது.

சில மறுப்புகள்

"பழம்தானே, எவ்வளவு உண்டாலும் என்ன" என்பார் சிலர். 100 கிராம் பச்சை அத்திப்பழத்தில் 16 கிராம் சீனி உண்டு. உலர்ந்த அத்திப்பழத்தில் அது 48 கிராம். தொலைக்காட்சியின் முன் அமர்ந்து உலர்ந்த அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக வாயில் போடுபவர், டார்ட் உண்பவரைப் பார்த்து முகம் சுளிக்க நியாயமில்லை. அத்திப்பழத்தின் நார்ச்சத்து மலச்சிக்கலுக்கு நல்லது என்பது உண்மை. அத்திப்பழமோ அத்தி இலைக் கசாயமோ சலரோகத்தைக் குணப்படுத்திவிடும் என்று கைத்தொலைபேசியில் பரவும் செய்தி உண்மையன்று. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது பேராபத்து.

"இனிப்பே கூடாது என்று அடியோடு நிறுத்துவது அல்லவா மேல்" என்பார் வேறு சிலர். அவ்வாறு நிறுத்த முடிந்தவர்கள் நிறுத்தட்டும், அவர்களைத் தடுப்பதற்கில்லை. ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டுகள் பொங்கலும் மோதகமும் பாயசமும் உண்டு வளர்ந்த ஒருவரை, ஒரே நாளில் பந்தியிலிருந்து எழுப்பிவிடுவது எல்லோரிடத்திலும் பலிப்பதில்லை. தடுக்கப்பட்டவர் மறைவில் உண்பது அளவின்றி உண்பதாகும். நாலு பேருடன் இருந்து உண்பவருக்கு ஒரு துண்டு போதுமானதாகிவிடுகிறது.

"வேலைக்குப் போய்வரும் வீட்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது" என்பது மூன்றாவது மறுப்பு. கைவேலை அரை மணி நேரந்தான். எஞ்சிய நேரம் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஓவனுக்கும் உரியது. தவிர, இது வீட்டுப் பெண்கள் தலையில் மேலும் ஒரு சுமையை ஏற்றுவதற்காகச் சொல்லப்படவில்லை. ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் தாத்தா மாவை நிறுக்கலாம். பத்து வயதுப் பேத்தி பழத்தை அடுக்கலாம். ஒருவருக்குத் தமிழும் மற்றவருக்கு ஆங்கிலமும் எளிதாக வரும் வீடுகளில், இருவரும் சேர்ந்து பேசுவதற்கு ஒரு மேசையும் ஒரு வேலையும் கிடைப்பது சிறிய நன்மையன்று.

அத்தியும் குளவியும்

சைவ உணவு உண்பவர்களிடையே அண்மைக் காலத்தில் ஒரு ஐயம் பரவியுள்ளது. அத்திப்பழத்தினுள் குளவி இறந்து கிடக்கிறது, ஆகவே அது சைவம் அன்று என்பதே அது. அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. அப்பழமொழி நாட்டு அத்தியைப் பற்றியது. கடையில் வாங்கும் பழம் சீமை அத்தி. ஆலுக்கும் அரசுக்கும் நாட்டு அத்திக்கும் உறவானது.

அத்தி பூத்தாற்போல என்று அரிய நிகழ்ச்சியைக் கூறுவதுண்டு. உண்மையில் அத்தி நிறையப் பூக்கிறது. பூக்கள் யாவும் காய் போன்ற உறையின் உட்புறத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தப் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுசெல்வது ஒரு நுண்ணிய குளவி. சில இன அத்திக்கு இக்குளவி வந்தால்தான் பழம் நிற்கும். உலர்த்தி விற்கப்படும் துருக்கிப் பழங்களும், பர்சா எனும் பகுதியிலிருந்து வரும் கரிய பழங்களும் அவ்வினத்தவை. உட்சென்ற குளவி அங்கேயே இறக்கிறது; பழத்தில் உள்ள நொதியம் அதன் புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. பல்லில் கடிபடுவது விதைகளே. வேறு சில இனங்கள் குளவியின் உதவியின்றியே பழுக்கும். இந்நாட்டுத் தோட்டங்களில் பரவலாக வளரும் பிரவுன் டேர்க்கி எனும் இனம் அத்தகையது. இங்குள்ள குளிரில் அக்குளவி வாழ்வதுமில்லை. ஆகவே இவ்விடயத்தில் கண்டிப்பாக இருக்க விரும்புவோர் அயலவர் தோட்டத்துப் பழத்தைத் தயங்காமல் ஏற்கலாம். கடையில் இனத்தின் பெயரைக் கேட்டு வாங்கலாம். மகரந்தச் சேர்க்கை இயற்கையின் செயல், அதில் கொலை இல்லை என்று கருதுவோர் எப்பழத்தையும் உண்ணலாம். இது அவரவர் மனச்சாட்சிக்கு உரியது. ஒருவர் முடிவைக் கொண்டு மற்றவர் சைவத்தை அளக்கவேண்டியதில்லை.

தோட்டத்தில் பறிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அத்தியின் இலையிலும் காம்பிலும் வடியும் பால் தோலில் பட்டு, அவ்விடத்தில் வெயிலும் பட்டால் தீப்புண் போலக் கொப்புளம் உண்டாகும். கையுறை அணிந்து பறிப்பதும், பால் பட்ட இடத்தை உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் நல்லது. றப்பர்ப் பால் ஒவ்வாதவர்களுக்கு அத்திப்பழமும் சிலவேளை ஒவ்வாது போகலாம். வாயோ உதடோ கடித்தால் உண்பதை நிறுத்தவேண்டும். சங்க மண்டபத்துக்கு டார்ட் கொண்டுவருபவர்கள், அதில் கோதுமை, பால், பாதாம் ஆகியன உண்டு என்று ஒரு சிறு அட்டையில் எழுதி வைப்பது கடமையாகும். பாதாம் ஒவ்வாத குழந்தை ஒன்றுக்கு அந்த அட்டை உயிர்காப்பு.

இவ்வளவும் சொன்னதால் அத்திப்பழ டார்ட்டை வாரந்தோறும் சுடவேண்டும் என்று எவரும் எண்ணவேண்டாம். சாதாரண நாளில் இரண்டு பச்சை அத்திப்பழங்களை அப்படியே உண்பதே சிறந்தது. அவற்றில் 75 கலோரியளவே உண்டு. விருந்தினர் வரும் நாளுக்கும் பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் உரியது டார்ட். பழக்காலமும் ஏறக்குறைய நவராத்திரிக் காலமும் இந்நாட்டில் ஒன்றாகவே வருகின்றன. கொலு வைத்த வீடுகளுக்குக் கடையிலிருந்து கிலோக் கணக்கில் இனிப்புப் பெட்டிகள் சுமந்து செல்லும் வழக்கம் பெருகிவரும் இக்காலத்தில், ஒரு வீட்டார் தாமே சுட்ட ஒரு டார்ட்டை எட்டாக வெட்டி, எட்டுப் பேருக்குக் கொடுப்பார்களாயின், அந்த எட்டில் ஒன்று தாத்தாவுக்கும் உரியதாக இருக்கவேண்டும். அவர் அதைப் பகலில், எல்லோர் முன்னிலையிலும், மகிழ்ச்சியாக உண்ணட்டும்.